மூணு நிமிஷக்காரர்

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடத்துக்கு அவரை முதன்முதலாகப் பார்த்தேன். சரியாகச் சொன்னால், அவருடைய கால்களைப் பார்த்தேன். முந்தின நாள் மாலை எங்கள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்திருந்த புதிய ஆம்புலன்சின் அடியிலிருந்து, மடித்துவிட்ட காற்சட்டையோடு இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு ஜோடிச் செருப்பு, அளவெடுத்து வைத்ததுபோல் நேராக இருந்தது.

"யாரது? புது டிரைவரா?"

"ஆமா சார். மூணு நிமிஷம் குடுங்க, வந்துடறேன்."

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது நிமிடம் முடியும் தறுவாயில் வெளியே வந்தார். ஐம்பதை நெருங்கிய மெலிந்த மனிதர். நரைத்த மீசையில் சேறு.

"வேலைல சேர வந்தவரு முதல்ல ஆபீசுக்குல்ல வரணும்?"

"வண்டி நேத்தே வந்து சேந்துடுச்சே சார். எனக்கு ஒரு நாள் சீனியர். அதான் முதல்ல அதைப் பாத்து ஒரு வணக்கம் வெச்சுட்டு வரலாம்னு."

நான் சிரிக்கவில்லை. அந்த மருத்துவமனையின் அலுவலகக் கண்காணிப்பாளன் நான். ஓட்டுநர் பணியில் சேர்ந்த நேரம் ஏழு நாற்பத்துமூன்று என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

பன்னிரண்டு படுக்கைகள், ஒரு மருத்துவர், மூன்று செவிலியர், ஒரு மருந்தாளர். இவ்வளவுதான் மருத்துவமனை. கல் குவாரியையும் அதை நம்பிய நான்கு தெருக்களையும் பார்த்துக்கொள்வது அதன் வேலை. குவாரியில் வெடி வைத்த மறுநாள் என் மேசைமேல் சாம்பல் நிறத் தூசி படிந்திருக்கும். கோப்பைத் தூக்கினால் அதன் வடிவம் மேசையில் தெரியும். இரத்தம் ஏற்றவோ அறுவை செய்யவோ எங்களால் இயலாது. அதற்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த நகர மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அந்த இருபத்திரண்டில் முதல் ஆறு, நீரில்லாத ஆற்றின் மணல். அடுத்த மூன்று, கல்லும் சரளையும் பெயர்ந்து கிடக்கும் செங்குத்தான ஏற்றம். அதற்கப்பால்தான் சாலை என்று சொல்லத்தக்க ஒன்று தொடங்கும். பழைய வண்டி அந்த ஏற்றத்தில்தான் உயிரை விட்டது.

பழைய வண்டியில் கையால் கியர் மாற்ற வேண்டும். புதியது தானே மாற்றிக்கொள்ளும். ஆகவே புது ஓட்டுநருக்கு வேலையே இல்லை என்று மருந்தாளர் முதல் வாரத்திலேயே தீர்ப்புக் கூறிவிட்டார்.

"கிளட்சும் இல்ல, கியரும் இல்ல. இடது காலுக்குச் சம்பளத்துல பிடித்தம் உண்டாண்ணே?"

"அது சும்மா இருக்கறதுக்குத்தான் தம்பி சம்பளமே. நானும் வேலை செய்யறேன்னு அது போய் பிரேக்கை மிதிச்சா பெட்டி வெந்துடும்."

பெட்டி என்று அவர் சொன்னது கியர் பெட்டியை. அது எப்படி வேகும் என்று நான் ஒருநாள் கேட்டேன். கேட்டதற்குக் காரணம் ஆர்வமன்று. வாகனப் பொறுப்பும் என்னிடம் இருந்ததால் குறிப்பேட்டில் எழுத ஒரு வாக்கியம் தேவைப்பட்டது.

"ரெண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரா வைங்க சார். ஒண்ணுக்குத்தான் கரண்ட். அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்தும் இல்லியா? இங்க காத்துக்குப் பதிலா எண்ணெய். இந்தப் பக்கம் என்ஜின், அந்தப் பக்கம் சக்கரம். சக்கரம் மணல்ல மாட்டி நின்னுடுச்சுன்னு வைங்க. நீங்க மிதிக்கற மிதியெல்லாம் எங்க போகும்? எண்ணெய் தன்னைத்தானே கடைஞ்சு கொதிக்கும்."

"கொதிச்சா?"

"எண்ணெய் செத்துடும். எண்ணெய் செத்தா வண்டி வெறும் இரும்பு. என்ஜின் கத்தும், சக்கரம் நகராது."

அவர் செய்த காரியங்களைப் பார்த்தவர்களுக்கு அவை சடங்குபோலத் தோன்றும். மணல் தொடங்குமிடத்தில் இறங்கி நான்கு டயர்களிலும் காற்றைக் குறைப்பார். சிறிய நெம்புகோலை இழுத்து, வண்டியை மெதுவாகவும் வலுவாகவும் நகரும் நிலைக்குக் கொண்டுவருவார். பெட்டி தன் விருப்பப்படி மேலும் கீழும் கியர் மாற்றி அலையாதபடி இரண்டாவதிலேயே கட்டிப்போடுவார். மணலில் புதைந்துவிட்டால் முன்னும் பின்னுமாக உலுக்கிப் பார்க்க மாட்டார். இறங்கி மண்வெட்டியை எடுப்பார். மணல் முடிந்து ஏற்றம் தொடங்குமிடத்தில் ஒரு தட்டையான பாறை உண்டு. அங்கே நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டு, என்ஜினை அணைக்காமல் மூன்று நிமிடம் காத்திருப்பார். எண்ணெய் சுற்றிச் சுற்றி ஓடினால்தான் ஆறும். அணைத்துவிட்டால் சூடு உள்ளேயே நிற்கும் என்பது அவர் கணக்கு. தம் கைக்காசில் வாங்கிப் பொருத்திய வெப்பமானியின் முள் இறங்கிய பிறகுதான் ஏறத் தொடங்குவார். அந்தப் பாறையால்தான் நான்கு தெருக்களிலும் அவருக்கு மூணு நிமிஷக்காரர் என்று பெயர் வந்தது.

வண்டியின் முகப்பில், ரேடியேட்டருக்கும் முன்னால், அந்த எண்ணெயை ஆறவைக்கும் ஒரு சிறிய சட்டம் இருந்தது. சீப்புப் பற்களைப் போல் நெருங்கிய தகடுகள். குவாரித் தூசி அதில் அப்பிக்கொள்ளும். மாலைதோறும் பழைய பல்துலக்கியால் அதைச் சுத்தம் செய்வார். பிறகு என்ஜினை ஓடவிட்டு, பெட்டி எண்ணெயின் அளவுக்கம்பியை உருவி, அதன் நுனியை ஒரு காகிதத்தில் ஒற்றி எடுப்பார். சிவப்பாக ஒரு பொட்டு விழும். அதை முகர்ந்து பார்த்து, கீழே தேதி எழுதி, அடுக்கில் சேர்ப்பார். காகிதம் வேண்டுமென்று கேட்டபோது பிழையாக அச்சான அலுவலகப் படிவக் கட்டு ஒன்றைக் கொடுத்தேன். நான் அவருக்குக் கொடுத்தது அது ஒன்றுதான்.

அவர் மனைவி எங்கள் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னாலிருந்த ஓரறை வீட்டில் இருவரும் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. போர்வைகளை உதறிக்கொண்டே அந்த அம்மாள் செவிலியரிடம் சொல்வார்:

"பதினெட்டு வருஷமாச்சு சிஸ்டர். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என் நெத்தியைத் தொட்டுக் காய்ச்சலான்னு கேட்டிருப்பாரா? அந்தப் பெட்டிக்குத் தினம் காய்ச்சல் பாக்கறாரு."

"உனக்குக் கொதிச்சா வீடே அதிருமே. தொட்டு வேற பாக்கணுமா?" என்பார் அவர், வண்டிக்கு அடியிலிருந்து.

ஏன் இவ்வளவு கவனம் என்று மருத்துவர் கேட்டபோது மட்டும் அவர் நகைச்சுவையாகப் பதில் சொல்லவில்லை. முன்பு பெட்ரோலியம் தேடும் குழுவொன்றில் பாலைமணலில் வண்டி ஓட்டியவர். கூட வேலை பார்த்த ஒருவன் புதைந்த வண்டியை அரைமணி நேரம் மிதித்து மிதித்துப் பார்த்திருக்கிறான். கொதித்த எண்ணெய் பீறிட்டுப் புகைக்குழாய்மேல் விழுந்து தீப்பிடித்துவிட்டது. "ஓட்டினவன் குதிச்சுட்டான் டாக்டர். பின்னாடி ஒருத்தன் தூங்கிட்டிருந்தான்" என்று மட்டும் சொன்னார்.

ஓராண்டும் நான்கு மாதங்களும் இப்படியே போயின. நாற்பத்தொரு தடவை அந்த ஏற்றத்தில் ஏறினார். நாற்பத்தொருவரும் நகரம் போய்ச் சேர்ந்தார்கள்.

இனிப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஆம்புலன்சை எங்களுக்கு வழங்கியவர் ஒரு செல்வந்தர். ஆண்டுதோறும் எரிபொருளுக்கும் அவரே பணம் தந்தார். தம் பெற்றோர் நினைவாக வழங்கியதைக் குறிக்கும் பலகை வண்டியின் முகப்பில் இருக்க வேண்டும் என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை. பளபளக்கும் எஃகில், மூன்றடி அகலத்தில் அதைச் செய்வித்தவன் நான். அதில் பொறித்த வாக்கியத்தை இயற்றியவனும் நான். அந்த வாக்கியத்தில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு.

பலகை அந்தச் சட்டத்துக்கு நேர் முன்னால், காற்று நுழையும் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. ஓட்டுநர் இதற்கு ஒரு வழி கண்டார். கையாலேயே திருகிக் கழற்றக்கூடிய மரைகளைப் பொருத்தி, புறப்படும்போது பலகையைக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் வைப்பார். திரும்பி வந்ததும் துடைத்து மாட்டிவிடுவார். நகரத்தில் வண்டியை யாரோ புகைப்படமெடுத்து அனுப்பும்வரை அதனால் ஒரு கெடுதலும் விளையவில்லை. 'எம் பெற்றோர் பெயர் எங்கே?' என்று செல்வந்தரிடமிருந்து கடிதம் வந்தது. சனிக்கிழமை நேரில் வருவதாகவும் அதில் இருந்தது. மருத்துவமனைச் செயலாளர் என்னை அழைத்து, கடிதத்தை மேசைமேல் வைத்து, "அந்தப் பலகை இனி நகரக் கூடாது. நகந்தா நீங்க நகர வேண்டியிருக்கும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஓட்டுநர் மனைவியைப் பல் பிடுங்க அழைத்துப்போக விடுப்பு எடுத்திருந்தார். வண்டியைக் குவாரிப் பட்டறைக்குக் கொண்டுபோய் எட்டு ரிவெட்டு ஆணிகள் அடித்துப் பலகையை நிரந்தரமாக்கினேன்.

புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அவர் என் மேசை முன் நின்றார்.

"சார், அந்தப் பலகையை எடுத்துடலாமா? காத்து போற வழி அது."

"சனிக்கிழமை அவர் வந்து போகட்டும். அப்புறம் பாக்கலாம்."

"நடுவுல ஒரு கேஸ் வந்துட்டா?"

"இத்தனை நாளா ஏறினீங்களே, ஒரு தடவையாவது பெட்டி வெந்துச்சா?"

"வேகாம பாத்துக்கிட்டேன் சார். அதான் வேகல."

"நாலு நாள்தானே?"

"வேணும்னா நானே டிரில் போட்டு எடுத்துடறேன். வேற எங்கயாவது மாட்டிக்கலாம். கதவுல, பக்கவாட்டுல..."

"எடுத்தீங்கன்னா சனிக்கிழமை பலகையும் இருக்காது, நீங்களும் இருக்க மாட்டீங்க. எதுன்னாலும் எழுத்துல குடுங்க."

எழுதிக் கொடுத்தார். அலுவலகக் கண்காணிப்பாளருக்கு நேரடியாக எழுதியிருந்தார். வாகனம் தொடர்பான மனு வாகனப் பொறுப்பாளர் வழியாகத்தான் வர வேண்டும் என்பது நடைமுறை. வாகனப் பொறுப்பாளரும் நானே, அலுவலகக் கண்காணிப்பாளரும் நானே. ஆயினும் மனுவைத் திருப்பிக் கொடுத்தேன். தலையைச் சுற்றி மூக்கைத் தொடச் சொன்னால் அப்படியே தொடுகிறவர் அவர். வியாழக்கிழமை காலை, என் வழியாக எனக்கு எழுதிய மனுவை இரண்டு படிகளாகக் கொண்டுவந்தார். ஒன்றை வாங்கித் தட்டில் வைத்தேன். மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்டு, சுருக்கொப்பமும் தேதியும் இட்டுத் திருப்பித் தந்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் குவாரியின் கிரேன்காரருடைய மனைவி ஒரு பெண்குழந்தையைப் பெற்றாள். இருபத்துமூன்று வயது, தலைப்பிரசவம். குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. பத்து மணி இருபது நிமிடத்துக்கு மருத்துவர் நகரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். குழந்தையைக் கிரேன்காரரின் தங்கையிடம் விட்டுவிட்டு வண்டி புறப்பட்டது. பின்னால் சிஸ்டரும் நோயாளியும். முன்னால் கணவரும் ஓட்டுநரும். ஏறுமுன் ஓட்டுநர் பலகையைப் பார்த்தார். பிறகு என் சன்னலைப் பார்த்தார். நான் நகர மருத்துவமனைக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை சிஸ்டர் சொல்லித்தான் அறிவேன். மணலில் வழக்கம்போல் மெதுவாகவே போயிருக்கிறார். ஆனாலும் பாறையருகே வந்தபோது முள் நூற்று முப்பதைத் தொட்டிருந்தது. மற்ற நாட்களில் அவ்விடத்தில் அது தொண்ணூற்றைந்தைத் தாண்டியதில்லை. நிறுத்தி, நியூட்ரலில் விட்டார்.

"ஏண்ணே நிறுத்தினீங்க?" என்றார் கிரேன்காரர்.

"பெட்டி கொதிக்குது தம்பி. கொஞ்சம் ஆறட்டும்."

"மூணு நிமிஷமா?"

ஓட்டுநர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. "இன்னிக்குப் பத்துப் பதினஞ்சாவது ஆகும்" என்றார்.

"பதினஞ்சா? அங்க அவ கண்ணு சொருகுதுண்ணே! இரும்பு ஆறணும்னு என் பொண்டாட்டி சாகணுமா?"

பின்னாலிருந்து சிஸ்டர், "நாடி இறங்கிட்டே போகுது. கெளம்ப முடிஞ்சா கெளம்புங்க" என்றார்.

கிரேன்காரர் கியர்க்கோலின்மேல் இருந்த அவர் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். "உங்க காலா நெனச்சுப் பிடிக்கறேன். எடுங்கண்ணே. எடுங்க."

நின்றால் அவள் அங்கேயே இறப்பாள். ஏறினால் வண்டி பாதியில் நிற்கும். இரண்டும் அவருக்குத் தெரிந்திருந்தன. அந்த நேரத்தில் அதை அறிந்த ஒரே மனிதர் அவர்.

எடுத்தார்.

ஏற்றத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கடந்தபோது கருகிய நாற்றம் வந்தது, பிறகு புகை. என்ஜின் அலறியது, சக்கரம் நகரவில்லை. வண்டி பின்னால் உருளத் தொடங்கவும் பிரேக்கைப் பிடித்து, குதித்துச் சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார். அடியில் பிடித்த தீயைத் தீயணைப்பானால் அணைத்தார். தொலைபேசி எடுபடாத இடம் அது. ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தை அவரும் கால்பக்கத்தைக் கணவரும் தூக்கிக்கொள்ள, சிஸ்டர் சலைன் பாட்டிலை உயர்த்திப் பிடித்தபடி பக்கத்தில் ஓட, ஒரு கிலோமீட்டர் ஏற்றத்தில் ஏறினார்கள். பாதி வழியில் சிஸ்டர் பாட்டிலைத் தாழ்த்திவிட்டார். கணவருக்கு அது தெரியவில்லை. ஓட்டுநர் பார்த்தார்; ஆனால் உச்சிவரை கீழே வைக்கவில்லை. கல் லாரி ஒன்று அங்கே வந்தபோது பன்னிரண்டே கால் மணி.

பிற்பகல் நான்கு மணிக்கு நான் அங்கே போனேன். குவாரி ஜீப்பை நானே ஓட்டிச் சென்றேன். கைத்துளைப்பானும் ஒரு சுத்தியும் உடன் கொண்டுபோயிருந்தேன். என்ன நினைத்துக்கொண்டு போனேன் என்று விளக்கப் புகுந்தால் அது சமாதானமாகிவிடும். செய்ததை மட்டும் சொல்கிறேன். ஓட்டுநர் வண்டியின் நிழலில், கல்மேல் உட்கார்ந்து காவல் இருந்தார். சட்டையின் முன்பக்கம் இரத்தம் காய்ந்திருந்தது. முகப்பில் மண்டியிட்டு ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைக்கத் தொடங்கினேன். ஆறாவது கழன்றதும் பலகை ஒருபுறம் சாய்ந்தது. அவர் எழுந்து வந்தார்.

"சாயுது சார். நான் பிடிச்சுக்கறேன், நீங்க போடுங்க."

கடைசி இரண்டையும் நான் எடுக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பெட்டியின் அளவுக்கம்பியை உருவினார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நுனியை ஒற்றினார். என் பேனாவைக் கேட்டு வாங்கித் தேதி எழுதினார். அது எந்தக் காகிதம் என்று நான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை செல்வந்தர் வந்தார். பலகையை நுழைவாயிற் சுவரில் மாட்டியிருந்தோம். அதில் ஒரு கீறல்கூட இல்லை. இறந்த பெண்ணுக்காக அனைவரும் அதன்முன் ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். எதிரே இருந்ததால் என் வாக்கியத்தை மறுபடி ஒருமுறை வாசித்தேன்.

விசாரணை மூன்று வாரம் கழித்து நடந்தது. நகரத்திலிருந்து மூவர் வந்தனர். அதற்குள் தட்டிலிருந்த மனு தட்டில் இல்லை. வண்டியைச் சோதித்த பொறியாளர், எண்ணெய் கருகியிருக்கிறது, ஆறவைக்கும் சட்டத்தில் குறையொன்றும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார். நடவடிக்கைக் குறிப்பை நான் எழுதினேன்.

"ஏத்தத்துக்கு முன்னாடி நிறுத்தி ஆறவைக்கறது உங்க வழக்கமாமே?"

"ஆமாங்க."

"அன்னிக்கு முள்ளு இறங்கறதுக்கு முன்னாடியே ஏன் எடுத்தீங்க? யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

வாசலருகே பெஞ்சில் கிரேன்காரர் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. என் பக்கமும் திரும்பவில்லை.

"ஓட்டினது நான்தாங்க" என்றார்.

'பெட்டியை ஆறவைக்கும் தம் வழக்கத்தை ஓட்டுநர் அன்று முழுமையாகப் பின்பற்றவில்லை. அதனால் வாகனம் செயலிழந்தது' என்று எழுதினேன். அந்த வாக்கியத்தில் பிழையேதும் இல்லை. அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஓரறை வீட்டை ஒரு வாரத்தில் காலி செய்தார்கள். சாமான்களை ஏற்றும்போது மருந்தாளர் கேலி பேசவில்லை, உதவிக்கும் வரவில்லை.

அதன்பின் இரண்டாம் தெருவில் ரேடியேட்டர் பழுது பார்க்கும் கொட்டகையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். வளைந்த தகடுகளைச் சீப்பால் நிமிர்த்துவதும் ஓட்டைகளை ஈயம் வைத்து அடைப்பதும் வேலை. கிரேன்காரர் வேலைக்குப் போகும் வழி அது. தினமும் காலையில் கொட்டகையின் முன் நின்று, காறித் துப்பிவிட்டுப் போவார். குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகு அதைக் கையில் பிடித்துக்கொண்டே துப்பினார். ஓட்டுநர் தலை நிமிர மாட்டாராம். கொட்டகை முதலாளி ஒருநாள் சண்டைக்குப் போகப் பார்த்தபோது, "விடுங்க. அவரு கைய நான் உதறியிருக்கணும். உதறல. துப்பட்டும்" என்றாராம்.

நான் ஐந்தாண்டுகள் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போனேன். ஆறாம் ஆண்டு ஜெனரேட்டரின் ரேடியேட்டர் ஒழுகிற்று. வேறு கடை இல்லை. அவர் இளைத்திருந்தார். பேச்சுக்கிடையே இருமினார். ஈயத்தை உருக்கி அடைத்துக் கொடுத்தார்.

"ஜெனரேட்டர் முன்னாடி சாமானை அடுக்கி வெச்சிருப்பாங்க சார். எடுத்துடச் சொல்லுங்க. காத்து போகணும்."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நான் நின்றுகொண்டேயிருந்தேன். அவர் ஏதாவது கேட்பார் என்று எதிர்பார்த்தேன். எது கேட்டாலும் கொடுத்திருப்பேன் என்றுதான் அன்று எண்ணினேன்.

"வேற ஏதாவது இருக்கா?" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல சார். உங்களுக்கு?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எட்டாம் ஆண்டு அக்டோபரில் இறந்தார். நுரையீரல் என்றார்கள். பத்து நாள் கழித்து அவர் மனைவி என்னை வரச்சொல்லி அனுப்பினார். வீட்டின் நடுவே ஒரு தகரப் பெட்டி திறந்திருந்தது. காகிதக் கட்டொன்றை எடுத்து என்முன் வைத்தார்.

"உங்க ஆபீஸ் காகிதம் சார். 'பின்பக்கம்தான் எழுதியிருக்கேன், முன்பக்கம் சுத்தமாத்தான் இருக்கு, திருப்பிக் குடுத்துடு'ன்னு சொல்லியிருந்தாரு."

புரட்டினேன். தேதியிட்ட பொட்டுகள், நூற்றுக்கணக்கில். சிவப்பு, சிவப்பு, சற்று மங்கிய சிவப்பு, எண்ணெய் மாற்றிய நாளில் மறுபடியும் சிவப்பு. கடைசித் தாளில் மட்டும் கரும்பழுப்பாக ஒரு கறை. எட்டாண்டுகளுக்குப் பிறகும் அதில் கருகல் வாடை இருந்தது. தேதி என் பேனாவின் மையில் இருந்தது. தாளைத் திருப்பினேன். அவருடைய மனு, என் முத்திரை, என் சுருக்கொப்பம்.

"இது வந்து..." என்று தொடங்கினேன்.

"எனக்குப் படிக்கத் தெரியும் சார்" என்றார் அந்த அம்மாள். குரலை உயர்த்தவில்லை. "விசாரணை அன்னிக்கே இதை எடுத்துட்டுப் போங்கன்னு அவருகிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'சார் அந்தப் பலகையை அடிச்சது வேலைக்குப் பயந்து. நான் அதைப் பிடுங்காம விட்டதும் வேலைக்குப் பயந்துதான். இதுல நான் என்னத்தைக் கொண்டுபோய் நீட்டறது? அவரா வருவாரு'ன்னாரு. வருஷா வருஷம் கேட்டேன். அதே பதில்தான். நீங்க ஜெனரேட்டர் சாமானோட வந்தீங்களே, அன்னிக்குச் சாயங்காலம் சிரிச்சுக்கிட்டே வந்தாரு. 'வாய் வரைக்கும் வந்துடுச்சு அவருக்கு, அடுத்த தடவை சொல்லிடுவாரு'ன்னாரு."

"நான் போய்க் கிரேன்காரர்கிட்ட சொல்லிடறேன்மா. இன்னிக்கே சொல்லிடறேன்."

"சொல்லுங்க. நாலாம் தெரு, கடைசி வீடு." பெட்டியை மூடினார். "ஆனா அவரு இல்ல. பொண்ணைக் கூட்டிக்கிட்டு வேற ஏதோ குவாரிக்குப் போயிட்டாரு. போன வருஷம். எந்த ஊருன்னு யாருக்கும் தெரியல."

தெரிந்தும் போனேன். பூட்டின்மேல் சாம்பல் நிறத் தூசி படிந்திருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்தேன், நாட்டிலுள்ள குவாரி அலுவலகங்கள் முப்பதுக்கும் மேற்பட்டவற்றுக்கு எழுதினேன். பதில் வந்தவை ஒன்பது. ஒன்றிலும் அவர் இல்லை.

மனு என்னிடம் இருக்கிறது. 'வாகனப் பொறுப்பாளர் வழியாக, அலுவலகக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு' என்று அவர் கையெழுத்தில் தொடங்குகிறது. கீழே, உத்தரவு எழுதுவதற்கென்று விட்ட இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. எட்டாண்டுகளில் ஒருமுறைகூட அவர் அதற்குப் பதில் கேட்டு வரவில்லை.